சிறு எஞ்சினும் நீண்ட ஆயுளும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் 'ராசி' என்ற சொல்லை அடிக்கடி வழங்குவதுண்டு. "இது ராசியான வண்டி, பதினைந்து ஆண்டுகளாக ஒரு குறையும் வைத்ததில்லை" என்பார் ஒருவர். "நான் வாங்கிய வேளை சரியில்லை, மூன்றாம் ஆண்டிலேயே எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தது" என்பார் மற்றொருவர். இருவருடைய வண்டிகளும் ஒரே தொழிற்சாலையில், ஒரே அளவில், ஒரே உலோகத்தால் செய்யப்பட்டவையாக இருக்கும். ஒன்று நெடுநாள் உழைப்பதற்கும் மற்றொன்று இடைவழியில் படுத்துவிடுவதற்கும் ராசி காரணம் அன்று. அறியத்தக்க காரணங்கள் உண்டு. அவை எளியவை; பள்ளியில் நீங்கள் கற்கும் பௌதிகமும் இரசாயனமுமே அவற்றை விளக்கப் போதும். அக்காரணங்களையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

நான் வசிக்கும் ஊர் அயனம்பாக்கம். சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் அருகில், ஒரு பெரிய ஏரியை ஒட்டி அமைந்தது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் மோட்டார்ப் பிரிவில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்த எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்ப்பது அரிது. ஏனெனில் இந்த வட்டாரமே மோட்டார்த் தொழிலின் பட்டறை எனலாம். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதே காலத்தில் பக்கத்திலுள்ள பாடியில் சக்கரங்கள், பிரேக்குகள், மோட்டாருக்கு வேண்டிய மின்கருவிகள் ஆகியவற்றைச் செய்யும் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். ஆலைகள் தோன்றின. அதற்கு முன்பே, 1949-இல், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை நிறுவப்பெற்றது. நகருக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் கார்களையே உருவாக்கியது. ஆக, எஞ்சினின் உறுப்புக்கள் பலவும் நம் ஊராரின் கைகளிலேயே பிறந்தவை. செய்யத் தெரிந்த நாம் பேணவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இரு சிறு எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1961 முதல் வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சின். நான்கு சிலிண்டர்கள்; கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் குறுக்களவு 63 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 76 மில்லிமீட்டர். இரண்டாவது, 1983 டிசம்பர் 14 அன்று புதுதில்லியில் முதல் வண்டி ஒப்படைக்கப்பட்டு, 2014 வரை உற்பத்தியில் இருந்த மாருதி 800 காரின் எஞ்சின். மூன்றே சிலிண்டர்கள், கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர், குறுக்களவு 68.5 மில்லிமீட்டர், ஓடும் தூரம் 72 மில்லிமீட்டர். முன்னதில் எஞ்சினின் தலைப்பகுதியாகிய 'ஹெட்' வார்ப்பிரும்பால் ஆனது. பின்னதில் அலுமினியத்தால் ஆனது. இருபது ஆண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டும் உருவத்தில் வேறுபட்டாலும் தத்துவத்தில் ஒன்றே. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அமுக்குதல், பொறியால் எரித்தல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கு வீச்சுக்களே இரண்டிற்கும் பொது.

இந்தச் சிறு எஞ்சின் எவ்வளவு உழைக்கிறது என்பதை ஒரு கணக்கால் காண்போம். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்திற்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 3,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 72 மில்லிமீட்டர் மேலேறி, அதே தூரம் கீழிறங்குகிறது; அஃதாவது 144 மில்லிமீட்டர். இதை 3,000-ஆல் பெருக்கினால் 432 மீட்டர். கார் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள், பிஸ்டன் சிலிண்டருக்குள் 432 மீட்டர் உராய்ந்தவாறே ஓடிவிடுகிறது! கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் பிஸ்டன் 43,200 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எனவே உள்ளங்கை அளவுள்ள பிஸ்டன் ஒன்று, ஒரு சாண் உயரங்கூட இல்லாத சிலிண்டருக்குள் இருந்தபடியே பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியோ தலைமயிரின் பருமனைவிடக் குறைவு.

இத்தகைய உழைப்பாளியைக் கொல்லக்கூடிய பகைவர்கள் யாவர்? வெப்பம், அழுக்கு, உராய்வு என்ற மூவரே. எஞ்சினைப் பேணுதல் என்பது இம்மூவரையும் எல்லைக்குள் நிறுத்தி வைப்பதே. இதைத் தவிர வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அங்குள்ள வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்கிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் எஞ்சின் உருகுவதில்லை. ஏன்? எரிதல் ஒரு கணமே நிகழ்கிறது. அடுத்த கணம் புதுக் கலவை வந்து குளிரச் செய்கிறது. சுவர்களைச் சுற்றி ஓடும் நீர் எஞ்சிய வெப்பத்தை வாங்கிச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் ஊற்றும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றவை பெரும்பாலும் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாய் வெளியேற வேண்டியவை. அவ்வழி அடைபட்டால் விளைவு என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சிறு வேன் ஒன்று இருந்தது. அதன் ஓட்டுநர் நல்ல மனிதர்; குடிப்பழக்கம் இல்லாதவர்; சாலையில் நிதானம் தவறாதவர். ஒரு நாள் காலையில், எட்டுப் பிள்ளைகளோடு செல்லும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கிறது. லாரிகள் விரையும் சாலையில் பிள்ளைகளை இறக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. பின்னர் என்னிடம் அவர் சொன்னது இது: "பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, சார். மணியடிக்கும் நேரம். போய்விடலாம் என்று ஓட்டினேன்." பிள்ளைகள் நேரத்திற்குப் பள்ளி சேர்ந்தார்கள். வேன் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டது.

எஞ்சினைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் முதுமையால் உப்பி, பட்டி இறுக்கிய இடத்தில் கீறியிருந்தது. நீர் முழுவதும் வழியிலேயே ஒழுகிப் போயிற்று. நீர் இல்லாமல் ஓடிய அந்த இரண்டு கிலோமீட்டரில் அலுமினிய ஹெட் சூட்டால் வளைந்தது. ஹெட்டுக்கும் சிலிண்டர்த் தொகுதிக்கும் இடையிலுள்ள காஸ்கெட் எரிந்தது. குழாயின் விலை அவருடைய ஒருநாள் வருமானத்திற்கும் குறைவு. எஞ்சினைச் சரிசெய்ய அவர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் வேன் பட்டறையில் கிடந்தது. அம்மூன்று வாரமும் வீட்டில் வருமானம் இல்லை.

அவரை நான் குறைகூற மாட்டேன். சாலையை அறிந்தவர், பிள்ளைகளை அறிந்தவர். அந்த முள் என்ன சொல்கிறது என்பதை மட்டும் அவருக்கு எவரும் விளக்கியதில்லை. முள் சிவப்பைத் தொட்டால் அது 'சீக்கிரம் போய்ச் சேர்' என்ற எச்சரிக்கை அன்று; 'இந்த இடத்திலேயே நில்' என்ற கட்டளை. வண்டியைச் சாலையோரத்தில் ஒதுக்கி, பிள்ளைகளைச் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறக்கிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வேறொரு வண்டியை வரவழைத்திருந்தால் இழப்பு ஒரு குழாயோடு முடிந்திருக்கும். அதற்கும் மேலாக, முந்திய ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அக்குழாயை விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் அந்த இழப்புக்கூட நேர்ந்திராது. நல்ல ரப்பர் அழுத்தினால் வளைந்து மீளும். முதிர்ந்த ரப்பர் ஒன்று கல்லாயிருக்கும், அல்லது பஞ்சாயிருக்கும். இதை அறிய விரல் ஒன்றே போதும்.

குளிர்விக்கும் அமைப்பைப் பற்றி இன்னும் சில செய்திகள். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அன்று. அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வால்வு. நீரின் மீது மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால், அது 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. ஆகையால், சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய நீர் ஒரே கணத்தில் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கையையும் வெந்துவிடச் செய்யும். அரைமணி நேரமாவது பொறுத்திருந்து, துணி சுற்றித் திறப்பதே முறை. கொதிக்கும் எஞ்சினில் தண்ணீரை ஊற்றுவதும் தவறு; காய்ந்த கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் பட்டாற்போல் உலோகம் பிளவுறக்கூடும்.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் முக்கியம். கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு ஒட்டியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது நீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு. அதே படிவு எஞ்சினின் நுண்ணிய நீர்ப்பாதைகளிலும் ஒட்டினால், போர்வை போர்த்தாற்போல் வெப்பத்தைத் தடுத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும், துருவையும் அரிப்பையும் தடுக்கும் 'கூலன்ட்' என்ற திரவமும் உரிய விகிதத்தில் கலந்து ஊற்றவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கருத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'தெர்மோஸ்டாட் என்பது குளிர்நாட்டுக்கு வேண்டியது. சென்னை வெயிலுக்கு அது தேவையில்லை' என்று கூறி அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். தெர்மோஸ்டாட் என்பது நீர் போதிய சூடு அடையும்வரை அதை ரேடியேட்டருக்குச் செல்லவிடாது தடுத்து, சூடேறியபின் தானே திறக்கும் சிறு கதவு. எஞ்சின் 80, 90 டிகிரி வெப்பத்தில் உழைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. நம் சித்திரை வெயிலும் 45 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆகவே நம் நாட்டிலும் எஞ்சினுக்குக் 'குளிர்' உண்டு. அந்தக் கதவு இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும். அதுவரை பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பெட்ரோலும் வீண், தேய்மானமும் மிகுதி. பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டுமே அன்றி, நீக்கிவிடலாகாது.

இனி, உராய்வு. அதைத் தடுப்பது எண்ணெய். எஞ்சின் ஆயில் வழுக்குவதற்கு மட்டும் உரியதன்று. நீர் எட்டாத உறுப்புக்களைக் குளிர்விக்கிறது, அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கிறது. சில நாள் ஓடியதும் ஆயில் கறுத்துவிட்டதே என்று சிலர் கவலைப்படுவார்கள். கரியைத் தன்னுள் ஏந்திக்கொண்டதால்தான் அது கறுக்கிறது. தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. கவலைப்பட வேண்டியது வேறொரு நிறத்தைக் கண்டால். அளவுகோலில் ஆயில் பால்கலந்த காப்பியைப் போலக் காணப்பட்டால், நீர் கலந்துவிட்டது என்று பொருள். காஸ்கெட் பழுதாகியிருக்கலாம், அவ்வண்டியை மேலும் ஓட்டுதல் கூடாது.

சிறு எஞ்சினுக்கு ஒரு தனிக்குறை உண்டு. பெரிய எஞ்சின்களில் ஆயில் மிகுதியாக இருக்கும். 796 கன சென்டிமீட்டர் எஞ்சினிலோ இருப்பது ஏறத்தாழ மூன்று லிட்டரே. அதில் அரை லிட்டர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. எஞ்சிய ஆயில் அதே வேலையை அடிக்கடி சுற்றிச் சுற்றிச் செய்து விரைவில் கெடும். ஆதலால் சிறு வண்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறையேனும், வண்டி சமதரையில் நிற்க, எஞ்சின் நின்று சற்று ஆறியபின், அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், வெப்பமுள்ளைப் போலவே அதுவும் உடனே நிற்கச் சொல்லும் கட்டளை. தாங்கிகளைச் சூழ்ந்த எண்ணெய்ப் படலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிப்புள்ளது. அது அறுந்தால் உலோகம் உலோகத்தைக் கடிக்கும்.

'குறைவாக ஓட்டினால் வண்டி நெடுநாள் வரும்' என்பது மற்றொரு நம்பிக்கை. இதை இரசாயனம் கொண்டு சோதிப்போம். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அது உண்மை. எஞ்சின் நன்கு சூடேறியிருந்தால் இந்நீராவி வெளியேறிவிடும். அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர்க் கடைத்தெருவுக்குப் போய்வருவதோடு நிற்கும் வண்டியில் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆவியின் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து நீராகி, எரியாத பெட்ரோலோடு ஆயிலில் கலந்து அதைச் சேறாக்கும். எனவேதான் கையேடுகள் ஆயிலை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, 'அல்லது இத்தனை மாதத்திற்கு ஒருமுறை, எது முந்தியதோ அப்போது' மாற்றச் சொல்கின்றன. குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு இந்த இரண்டாம் விதியே உயிர். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதும் அதற்கு நல்ல மருந்து.

மூன்றாவது பகைவன் அழுக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலை முற்றிலும் எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். நம் சாலைகளின் காற்றில் தூசி எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள மணல் துகள் இரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டருக்குள் நுழைந்தால் உப்புத்தாளால் தேய்ப்பது போலாகும். இதைத் தடுப்பது காற்று வடிகட்டியிலுள்ள மடித்த காகிதம் ஒன்றே. அது அடைபட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கிழிந்தால் எஞ்சின் தேயும். விலை மலிவான இந்தக் காகிதம் விலைமதிப்புள்ள எஞ்சினைக் காக்கிறது.

எஞ்சினுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே படிக்கும் வழியும் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வெளிறிய காவி நிறமானால் எரிதல் செம்மையாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்றுப் போதவில்லை. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு அடைப்போ தேய்ந்துவிட்டது. சுண்ணாம்பைப் போல வெளுத்திருந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது. மருத்துவர் நாவை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போன்றது இது. பழுதின் நடையும் ஒரு குறிப்பே. பொதுவாக, மின்பொறி அறுந்தால் எஞ்சின் விளக்கை அணைத்தாற்போல் திடுமென நிற்கும். பெட்ரோல் தடைபட்டால் இருமித் தள்ளாடி நிற்கும். சாலை நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் மின்விசிறியைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு உறுப்புக்களை மாற்றுபவர் பழுதைப் போக்கினாலும் அதன் காரணத்தை அறியமாட்டார். ஒன்றை மாற்றி, சோதித்து, பின் அடுத்ததற்குச் செல்வதே விஞ்ஞான முறை.

இவ்வட்டாரத்திற்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் விட இயலாது. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் சென்னை மக்கள் மறக்க மாட்டார்கள். தெருவில் நின்ற கார்கள் பலவற்றை நீர் சூழ்ந்தது. நீர் வடிந்தபின் அவற்றுள் சில, வெள்ளத்தால் அல்ல, உரிமையாளர் சாவியைத் திருப்பியதால் அழிந்தன. எப்படி? 796 கன சென்டிமீட்டரை மூன்றால் வகுத்தால் சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 265. அமுக்க விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்று கொண்டால், பிஸ்டன் உச்சியை அடையும்போது அதற்கு மேல் எஞ்சும் இடம் 33 கன சென்டிமீட்டரே. இரண்டு மேசைக்கரண்டி அளவு. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. அந்த இடத்தைவிட மிகுதியாக நீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலேற முடியாமல் திணறும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஆகையால், வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். பாட்டரி இணைப்பை நீக்கி, இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். அங்கே பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் வடிகட்டிகளையும் மாற்றியபின் எஞ்சின் பெரும்பாலும் உயிர்த்தெழும். ஆழம் தெரியாத நீரில் வண்டியை இறக்காமலிருப்பது அதனினும் நன்று.

காலத்தோடு எஞ்சினும் மாறிவருகிறது. கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோலைத் தெளிக்கும் மின்னணுக் கருவி பெற்றுவிட்டது. மாணவர்கள் பலர் இதைக் கண்டு, 'இனி நாம் அறிய என்ன இருக்கிறது? கணினி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்று எண்ணுகிறார்கள். கணினி பெட்ரோலின் அளவைத் திருத்தும். பொறியின் நேரத்தைத் திருத்தும். உப்பிய குழாயை அது மாற்றாது. குறைந்த ஆயிலை ஊற்றாது. இக்காலத்தில் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அதற்கென அமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் முன்னிலும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் கசிவு எஞ்சினை மட்டுமன்றி உயிரையே பாதிக்கும் விஷயம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்கூட்டரோ, வயலில் நீர் இறைக்கும் எஞ்சினோ இருந்தாலும் இன்று கூறியவற்றுள் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் செலவிட்டு நான்கு செய்திகளை அதில் எழுதுங்கள்: ஓடிய தூரம், ஆயிலின் அளவு, நீரின் அளவு, ஊற்றிய பெட்ரோல். ஒருநாள் எழுதிய எண் எதையும் சொல்லாது. ஆறு மாதத்து எண்கள் அடுத்தடுத்து நின்றால், ஆயில் மெல்லக் குறைவதையும், நீர் காரணமின்றி இறங்குவதையும், லிட்டருக்கு ஓடும் தூரம் சுருங்குவதையும், எஞ்சின் வாய்திறந்து கூறுவதற்கு முன்பே உங்களுக்குக் கூறிவிடும். வண்டியோடு தரப்படும் கையேட்டையும் பெட்டியில் பூட்டி வைக்காமல் ஒருமுறை முழுதும் படியுங்கள்.

தொழிற்சாலை நமக்குத் தருவது எஞ்சினின் ஆயுளில் ஒரு பாதியையே. மறுபாதியை அதை ஓட்டுபவரும், திறந்து பார்ப்பவரும், பக்கத்தில் நின்று 'இந்த முள் எதைக் காட்டுகிறது?' என்று கேட்பவருமே தருகிறார்கள். அந்தக் கேள்வியை உங்கள் தெருவில் வேன் ஓட்டுபவரிடமும், ஆட்டோ ஓட்டுபவரிடமும் கேளுங்கள். அவருக்கு விடை தெரிந்திருந்தால் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். தெரியாதிருந்தால் நீங்கள் சொல்லலாம். மூன்று வாரத்து அடுப்பு அணையாமல் காக்கும் ஆற்றல் அந்தச் சிறு உரையாடலுக்கு உண்டு.